துயர நாளைத் தொண்டு நாளாக்கியவர்கள்

ஒரு குடும்பத்தில் சாவு நேர்ந்தால் அதை நினைவுகூரும் வழிகளை நம் முன்னோர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று திருப்பலிக் கருத்துக் கொடுக்கிறோம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் புல் செதுக்கி, வெள்ளையடித்து, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இறந்தவரின் பெயரால் நாலு ஏழைகளுக்கு ஒரு வேளை சோறு போடுவதும் நம் வீடுகளில் உள்ள வழக்கமே. அந்தச் சோற்றில்தான் துயரம் பயனுள்ளதாக மாறுகிறது என்பதை நம் பாட்டிமார் எவரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தார்கள்.

ஒரு நாடே துயருற்றால் என்ன செய்வது? நினைவுத் தூண் எழுப்புகிறார்கள். கொடியைத் தாழப் பறக்கவிடுகிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தலைவர்கள் மலர்வளையம் வைக்க, மக்கள் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். இவை யாவும் வேண்டியவையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் முடிந்தபின் என்ன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மலர்வளையம் வாடிப் போகிறது. அடுத்த ஆண்டு அதே நாள் வரும்வரை தூணின் அருகே எவரும் செல்வதில்லை.

இக்கேள்விக்கு விடை தேடிய நாடு ஒன்று உண்டு. ஜப்பானியர் தம் பெருந்துயரின் நாள் ஒன்றைத் தொண்டு நாளாகவே அறிவித்தனர். அவர்களின் ஆண்டுக் கணக்கில் இத்தகைய நாள்கள் உண்டு. 1923-ஆம் ஆண்டு தோக்கியோவையும் யோக்கொஹாமாவையும் அழித்த கான்தோ நிலநடுக்கத்தின் நினைவாக, செப்டம்பர் 1-ஆம் நாளை 1960 முதல் பேரிடர்த் தடுப்பு நாள் என்று கடைப்பிடிக்கிறார்கள். அன்று நாடெங்கும் பயிற்சிகள் நடைபெறும். மற்றொரு நாள் ஜனவரி 17. அதற்கு அரசு இட்ட பெயர் ‘பேரிடர்த் தடுப்பு, தன்னார்வத் தொண்டு நாள்’ என்பது. அந்தப் பெயர் எவ்வாறு வந்தது என்பதையே இம்மாதம் நம் குடும்பங்களோடு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அந்த அதிகாலை

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. நேரம் அதிகாலை 5 மணி 46 நிமிடம். ஆவாஜித் தீவின் வடமுனையை அடுத்துப் பூமிக்கடியில் பாறைப் பிளவு நழுவியது. ஜப்பானிய வானிலை நிறுவனத்தின் அளவில் அது 7.3. இருபது விநாடி அளவே பலத்த அதிர்ச்சி நீடித்தது. அதற்குள் துறைமுக நகரான கோபேயும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் குலைந்துபோயின. உயரத் தூண்கள்மேல் நின்ற நெடுஞ்சாலை அறுநூறு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் முற்றும் இடிந்தன. மூன்று லட்சம் பேர் பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் அடைக்கலம் புகுந்தனர். இறந்தவர்கள் 6,434 பேர்.

பெரும்பாலோர் தம் படுக்கையிலேயே மாண்டனர். பழைய மரவீடுகளின் மேல் கனத்த ஓடுகள் வேயப்பட்டிருந்தன. புயலில் கூரை பறந்துவிடாதிருக்க முன்னோர் கண்ட வழி அது. நிலம் ஆடியபோது அந்தக் கனமே எமனாயிற்று. மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். வாடகை குறைந்த பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் உறங்கிய முதியோர் அவர்களில் பலர். நகாதா என்னும் பகுதியில் சிறுசிறு காலணிப் பட்டறைகளும் மரவீடுகளும் நெருங்கியிருந்தன. அங்கே தீயும் பற்றிக்கொண்டது. தெருக்குழாய்கள் உடைந்து கிடந்தமையால் தீயணைப்பு வீரர்களின் கையிலிருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை.

பேரிடர் அங்கேயே முடியவில்லை. குளிர்காலம் அது. உடற்பயிற்சிக் கூடங்களின் வெறுந்தரையில் படுத்த முதியோர் நிமோனியாவாலும் நெஞ்சு நோயாலும் பின்வந்த வாரங்களில் இறந்தனர். மேலே சொன்ன எண்ணிக்கையில் 900-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டவர்களே. இதை மனத்தில் இருத்திக்கொள்வோம். நிலநடுக்கத்தைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் ஒரு போர்வையும் ஒரு குவளை வெந்நீரும் சில உயிர்களைக் காத்திருக்கும்.

இடிபாட்டிலிருந்து இழுத்த கைகள்

இடிபாடுகளுக்குள் சிக்கியோரை யார் மீட்டார்கள்? அரசின் படைகள் வந்து சேரத் தாமதமாயிற்று. அதைப் பற்றி ஜப்பானில் எழுந்த கண்டனம் சிறிதன்று. ஆனால் உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அண்டை அயலாருமே என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. மரம் அறுக்கும் வாள், கார்ச் சக்கரம் மாற்றும் ஜாக்கி, கடப்பாரை ஆகியவையே அவர்களின் கருவிகள். இரவு உடையோடு, வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தவர்கள் மறுபடியும் இடிபாட்டுக்குள் கைவிட்டார்கள்.

ஆவாஜித் தீவில் ஹொக்குதான் என்றோர் ஊர் இருந்தது. நில அதிர்வு தொடங்கிய பிளவு நேரே அந்த ஊரின் வழியாகத்தான் ஓடுகிறது. வீடுகள் ஏராளமாக இடிந்தன. 39 பேர் இறந்தனர். எனினும் இடிபாடுகளில் சிக்கிய ஏறக்குறைய 300 பேரை ஊரார் மீட்டெடுத்தனர். அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒவ்வொருவரும் எங்கே என்ற கணக்குத் தீர்ந்துவிட்டது. பெருநகரில் நாள்கணக்கில் தேடியபோது இச்சிற்றூரில் மட்டும் இது எவ்வாறு கூடிற்று?

அவர்களிடம் அரிய கருவி ஒன்றும் இல்லை. இன்ன வீட்டுப் பாட்டி எந்த அறையில் உறங்குவார், தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பார் என்பது அயலாருக்குத் தெரிந்திருந்தது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர் குழுவில் இருந்தவர்கள் மீனவரும் உழவரும் கடைக்காரருமே. அவர்கள் அந்த வீடுகளில் பலமுறை அமர்ந்து தேநீர் பருகியவர்கள். ஆகவே கூரையின் எந்த மூலையைப் பெயர்க்க வேண்டும் என்று எவரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அன்பர்களே, நாம் சற்று நின்று எண்ண வேண்டிய இடம் இது. தொண்டு என்றால் பேரிடர் வந்தபின் ஓடிச் செய்வது என்றே கருதுகிறோம். ஹொக்குதான் மக்களின் தொண்டு பேரிடருக்கு முன்பே, பல ஆண்டுகளாக, தேநீர்க் குவளையோடும் திண்ணைப் பேச்சோடும் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலையில் உயிர்களைக் காத்தது அந்தப் பழக்கமே.

தொண்டின் முதலாண்டு

செய்தி பரவியதும் நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் மக்கள் கோபேயை நோக்கி நடந்தனர். நடந்தனர் என்பது உண்மையே. இருப்புப்பாதை அறுந்திருந்ததால் வண்டி நின்ற இடத்தில் இறங்கி, முதுகில் பையைச் சுமந்து, பல கிலோமீட்டர் நடந்தே பலர் வந்து சேர்ந்தனர். ஓராண்டில் தொண்டாற்ற வந்தோரின் எண்ணிக்கையை 13 லட்சத்துக்கும் அதிகம் என்று ஹியோகோ மாநில அரசு கணக்கிட்டது. பெரும்பாலோர் இளைஞர்கள், மாணவர்கள். அதற்குமுன் இத்தகைய பணியில் ஈடுபட்டிராதவர்களே மிகுதி. பொதுத் தொண்டை அரசின் வேலை என்று விட்டிருந்த நாடு அது என்று ஜப்பானியரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆகவேதான் 1995-ஐத் ‘தொண்டின் முதலாண்டு’ என்று அவர்கள் அழைத்தனர்.

அவர்கள் செய்த வேலைகள் என்ன? கேட்டால் வியப்பாயிருக்கும், அத்தனையும் வீட்டு வேலைகள். குழாய் நீர் முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை தண்ணீர் லாரியின்முன் வரிசையில் நின்று, வாளிகளில் பிடித்து, மின்தூக்கி நின்றுபோன அடுக்குமாடிகளில் ஐந்தாம் ஆறாம் மாடியிலிருந்த கிழவர்களுக்குச் சுமந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கழிப்பிடங்களைக் கழுவினார்கள். வந்து குவிந்த பொட்டலங்களைப் பிரித்து அடுக்கினார்கள். பெரிய அண்டாக்களில் சூப்புக் காய்ச்சினார்கள். வெந்த சோற்றைக் கையால் உருட்டி உருண்டைகளாக்கிப் பசித்தோர் கையில் வைத்தார்கள்.

அந்தச் சோற்றுருண்டை அந்நாட்டு மக்களின் நெஞ்சில் நிலைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஜனவரி 17-ஐச் சோற்றுருண்டை நாள் என்றும் கொண்டாடுகிறார்கள். ஓமுசுபி என்பது அதற்கு அவர்கள் வழங்கும் பெயர்களில் ஒன்று. அச்சொல்லுக்குள் பிணைத்தல், கட்டுதல் என்னும் பொருளும் அடங்கியிருக்கிறது. ஒரு பிடிச் சோறு மனிதரை மனிதரோடு பிணைக்கும் என்பதைச் சோறுண்டு வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1995 டிசம்பரில், துயரம் நேர்ந்து ஓராண்டு நிறையும் முன்பே, ஜப்பானிய அமைச்சரவை கூடி ஜனவரி 17-ஐத் தொண்டு நாளாகவும் 15 முதல் 21 வரையுள்ள நாள்களைத் தொண்டு வாரமாகவும் அறிவித்தது. 1998-இல் தொண்டு அமைப்புகள் எளிதில் பதிவுபெற வழிசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளின் அதிகாலையில் கோபே நகரப் பூங்காவில் விளக்குகளை ஏற்றி, 5.46-க்கு மக்கள் மௌனமாக நிற்கிறார்கள். மௌனத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. மௌனத்திற்குப்பின் அண்டாவை அடுப்பிலேற்றுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் காயம் கட்டவும் தூக்குக்கட்டில் சுமக்கவும் பழகுகிறார்கள். பெரியவர்கள் அன்று நடந்ததை, அதன்பின் பிறந்தவர்களுக்குச் சொல்கிறார்கள்.

எரிந்த ஆலயத்தின் முற்றத்தில்

நகாதா பகுதியில் தக்காத்தோரி என்னுமிடத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. ஜப்பானில் கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் பங்கிலோ ஜப்பானியரோடு, போருக்குப்பின் அகதிகளாக வந்து காலணிப் பட்டறைகளில் வேலை செய்த வியட்நாமியரும் இருந்தனர். தீ அந்த ஆலயத்தை எரித்துவிட்டது. தீ ஓய்ந்தபோது கைகளை விரித்து நிற்கும் இயேசுவின் திருவுருவம் சிதையாமல் நின்றது. அதைப் புதுமை என்று சொன்னவர்கள் உண்டு. அந்தத் திருவுருவத்தைச் சுற்றி அடுத்து நடந்ததே அதைவிடப் பெரிது என நாம் கருதுகிறோம்.

எரிந்த ஆலயத்தின் முற்றம் நிவாரண நிலையமாயிற்று. எந்த மதத்தார், எந்த நாட்டார் என்று பாராமல் அங்கே உணவும் மருந்தும் வழங்கப்பட்டன. திறந்தவெளியில், நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தபடி, ஞாயிறு திருப்பலி நடந்தது. ஜப்பானிய மொழி அறியாதவர்கள் தண்ணீர் எங்கே கிடைக்கும், உதவிப் பணத்துக்கு எங்கே எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். அவர்களுக்காகக் கொரியம், வியட்நாமியம் உள்ளிட்ட பல மொழிகளில் ஒரு சிறு வானொலி தொடங்கப்பட்டது. முறையான உரிமம் பெற்று 1996 ஜனவரி 17 அன்று, அதாவது முதலாண்டு நினைவு நாளிலேயே, அது தன் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் 1923-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கான்தோ நிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணற்றில் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தி பரவி, ஆயிரக்கணக்கான கொரியர்கள் தெருக்களில் கொல்லப்பட்டனர். அதே நாட்டில், 72 ஆண்டுகளுக்குப்பின், நில அதிர்வால் வீடிழந்தோர் அயல்மொழி பேசுவோருக்காக வானொலி வைத்தார்கள். நகரின் பூங்கா ஒன்றில் தங்கியிருந்த வியட்நாமியரை அகற்ற வேண்டும் என்று முணுமுணுத்தோரும் இருந்தனர்தாம். மனித இயல்பு ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. ஆயினும் திசை மாறியிருந்தது.

அச்சமயம் ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் தோக்கியோவிலிருந்து தக்காத்தோரிக்கு வந்தார். தடித்த காகிதக் குழாய்களைக் கொண்டு கட்டடம் எழுப்பும் முறையை உருவாக்கியவர் அவர். தீயில் எரிந்த இடத்தில் காகிதத்தாலா கட்டுவது என்று பங்குத்தந்தை முதலில் ஏற்கவில்லை. பான் விடவில்லை, மீண்டும் மீண்டும் வந்தார். முதலில் வியட்நாமியக் குடும்பங்களுக்காகப் பீர் புட்டிப் பெட்டிகளில் மணல்மூட்டை நிரப்பி அடித்தளமாக்கி, அதன்மேல் காகிதக் குழாய்ச் சுவர்கள் நிறுத்திச் சிறு வீடுகள் அமைத்தார். பிறகு ஆலய முற்றத்தில் 58 காகிதத் தூண்களை நீள்வட்டமாக நிறுத்தி ஒரு மண்டபம் எழுப்பினார். கட்டியவர்கள் கூலியாள்கள் அல்லர். மாணவரும் தொண்டருமான நூற்றுக்கும் மேற்பட்டோர். 1995 செப்டம்பரில் அது முடிந்தது. ஞாயிறன்று திருப்பலியும் மற்ற நாள்களில் அப்பகுதி மக்களின் கூட்டங்களும் அதில் நடந்தன.

தற்காலிகம் என்று கட்டிய காகித மண்டபம் பத்தாண்டுகள் நின்றது. 2005-இல் புதிய ஆலயம் எழுவதற்காக அதைக் கழற்றியபோது, அதை வீசியெறிய எவருக்கும் மனம் வரவில்லை. 1999-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த தைவான் நாட்டுத் தாவ்மி என்ற கிராமத்துக்கு அதை அனுப்பிவைத்தார்கள். 2008 முதல் அது அங்கே நிற்கிறது. அதே காகிதக் குழாய் வீடுகள் 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் நம் நாட்டின் குஜராத்திலும், பூஜ் நகரில், கட்டப்பட்டன. ஓரிடத்தில் பெற்ற உதவியை அடுத்த இடத்துக்குக் கொடுப்பதே நன்றி செலுத்தும் முறை என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

கதவு தட்டப்படாத வீடுகள்

இதுவரை சொன்னது ஒளிமிகுந்த பக்கம். இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அதை மறைத்தால் பாடம் முழுமை பெறாது.

வீடிழந்தோருக்காக அரசு ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகளைக் கட்டியது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முதலிடம் தந்து, குலுக்கல் முறையில் அவற்றை ஒதுக்கியது. முறை நேர்மையானதே, இரக்கமுள்ளதும்கூட. ஆனால் விளைவு வேறாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் நகரின் வெவ்வேறு புறங்களுக்குச் சிதறினர். முன்பின் அறியாத முதியவர் பலர் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியேறினர். வாசல் கடந்தால் பேச ஆளில்லை. மீன் வாங்கிய கடை இல்லை, முடி வெட்டிய கடை இல்லை. அவ்வீடுகளில் எவரும் அறியாமல் தனிமையில் இறந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டவர்கள் 200-க்கும் மேற்பட்டோர். நிலநடுக்கம் கொல்லாமல் விட்டவர்களைத் தனிமை கொன்றது.

அப்போதுதான் தொண்டர்களின் பணி வேறு வடிவம் கொண்டது. தண்ணீர் சுமக்கும் வேலை முடிந்திருந்தது. படம்பிடிப்போர் ஊர் திரும்பிவிட்டிருந்தனர். எஞ்சியிருந்த செவிலியரும் மாணவரும் இல்லத்தரசிகளும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். ‘நலமா? இன்று சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பதே அவர்களின் வேலை. குடியிருப்புகளில் கூடிப் பேசும் அறைகள் திறக்கப்பட்டன. அங்கே தேநீர் காய்ச்சி முதியோரை அழைத்து உட்கார வைத்தனர். அரசும் பாடம் கற்றது. 2004-இல் நீகாத்தா மாநிலத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஊர்க் கூட்டம் கலைந்துவிடாமல் ஒரே கிராமத்தாரை ஒரே இடத்தில் சேர்த்துக் குடியமர்த்தினர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தொண்டு அரசின் கடமைக்கு மாற்று ஆகாது. கோபேயில் இடிந்து விழுந்த வீடுகளில் மிகப் பல 1981-இல் கட்டட விதிகள் கடுமையாக்கப்படுவதற்குமுன் கட்டப்பட்டவை. உறுதியான வீட்டை ஏழைக்கும் உறுதி செய்வது நீதி. இடிந்த வீட்டு ஏழைக்குச் சூப்புக் கொடுப்பது அன்பு. அன்பைக் காட்டி நீதியைத் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டும் சேர்ந்து வருமானால்தான் இறந்தோருக்கு நாம் செலுத்தும் மரியாதை முழுமையடையும்.

கோபேயும் நம் கடற்கரையும்

கோபேயின் பத்தாம் ஆண்டு நினைவையொட்டி, 2005 ஜனவரி 18 முதல் 22 வரை, பேரிடர்க் குறைப்பு பற்றிய உலக மாநாடு அந்நகரிலேயே கூடியது. நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் மாநாடு கூடுவதற்கு மூன்று வாரங்களே இருக்கையில், 2004 டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் கடல் பொங்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் அது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர்; அவர்களில் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளையும் அலை கொண்டு சென்றது. இந்துமாக்கடலுக்கு முன்னெச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்ற குரல் கோபே மாநாட்டில் ஓங்கி ஒலித்தது. 2007-இல் ஐதராபாத்தில் நம் நாட்டின் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

நம் கரையிலும் முதலில் ஓடிவந்த கைகள் அயலாரின் கைகளே. பரங்கிப்பேட்டையில் அடைக்கலம் தேடி வந்த மீனவக் குடும்பங்களுக்கு அவ்வூர் இசுலாமிய ஜமாஅத்தார் நாள்கணக்கில் சோறிட்டனர். ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் கதவைத் திறந்தன. அதே வேளையில், எவரும் கேட்காத கிழிந்த பழந்துணிகள் லாரி லாரியாக வந்து நாகப்பட்டினச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததையும் நாம் மறக்க வேண்டாம். மானத்தோடு வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. கோபேயிலும் கேளாது வந்து குவிந்த பொட்டலங்கள் தொண்டர்களின் நேரத்தை விழுங்கின. நமக்கு வேண்டாததைக் கழிப்பது தொண்டு ஆகாது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிவதிலிருந்தே தொண்டு தொடங்குகிறது.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியது

டிசம்பர் 26 ஆண்டுதோறும் வருகிறது. கடற்கரை ஊர்களில் கண்ணீர் அஞ்சலி நடக்கிறது. உள்நாட்டுப் பங்குகளிலோ அது விருந்து மிச்சத்தை உண்டு, உறவினரை வழியனுப்பும் நாளாகக் கழிகிறது. அந்த நாளை நம் குடும்பங்கள் தொண்டு நாளாகக் கொண்டால் என்ன? பெரிய திட்டமோ நன்கொடைச் சீட்டோ வேண்டாம். மேடையும் ஒலிபெருக்கியும் அறவே வேண்டாம். கோபே மக்களிடம் கற்றவற்றை வைத்துச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, நம் தெருவை அறிந்துகொள்வோம். நம் வீட்டுக்கு இப்புறம் ஐந்து வீடு, அப்புறம் ஐந்து வீடு. அவற்றில் தனித்து வாழும் முதியவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், இரவில் எந்த அறையில் உறங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியுமா? அன்பியக் கூட்டத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து இதைப் பேசலாம். நம் மதத்தார் வீடுகளை மட்டும் எண்ணினால் அது பாதித் தெருவாகிவிடும். எல்லார் வீட்டையும் எண்ணுவோம். வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் முதலில் போகவேண்டிய வாசல் எது என்று இளைஞருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, கதவைத் தட்டுவோம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, தனித்திருக்கும் பெற்றோர் இன்று எந்தப் பங்கில் இல்லை? மாதம் தவறாமல் பணம் வருகிறது, மனிதர் வருவதில்லை. வாரம் ஒரு முறை ஏழையின் இல்லம் நாடிச் செல்வது, 1833-இல் பாரீசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் விதி. அந்தச் சபை நம் பங்குகள் பலவற்றில் இன்றும் உண்டு. ஆனால் அதை நாலைந்து பெரியவர்களின் வேலை என்று விட்டுவிட்டோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு முதியவரைத் தன் பொறுப்பில் கொண்டால் போதும். மருந்து தீர்ந்ததா என்று பார்க்கலாம், மின்கட்டணம் கட்டிவரலாம், ஒன்றுமில்லாவிட்டாலும் அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்லும் பழங்கதையைக் கேட்கலாம். முன்பு கேட்ட கதையாயிருந்தாலும் கேட்கலாம்.

மூன்றாவது, அயல்மொழிக்காரரைக் கண்ணெடுத்துப் பார்ப்போம். கட்டட வேலைக்கும் உணவு விடுதிக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. தக்காத்தோரி மக்கள் வானொலி வைத்தார்கள். நாம் ஒரு முறை உடன் சென்று மருத்துவரிடம் சொல்லிவிடலாமே.

நான்காவது, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வோம். அன்று சமைப்பதில் ஒரு பங்கைப் பொட்டலமாகக் கட்டி, கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுவோம். யாருக்குக் கொடுக்கிறோம், ஏன் இந்த நாளில் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுப்போம். 2004-க்குப்பின் பிறந்தவர்கள் இன்று வளர்ந்த இளைஞர்கள். நாம் சொல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு பாடப்புத்தகத் தேதி மட்டுமே.

துயர நாளில் வேலை செய்து திரிந்தால் துயரத்தின் புனிதம் கெடாதா என்று சிலர் கேட்கலாம். பறிகொடுத்த தாய்க்கு அன்று மௌனமே தேவைப்படலாம். அவரை எவரும் அழைத்துத் தொல்லைப்படுத்த வேண்டாம். அவர் அருகில் அமர்ந்திருப்பதும் அன்றைய தொண்டே. மற்றவர்களாகிய நாமோ, அழத் தெரியாமல் வெறுமனே நிற்பதைக் காட்டிலும் கைகளுக்கு வேலை கொடுப்பது மேல். இன்னொன்றும் உண்டு. ஒரே நாள் செய்து படம் எடுத்துவிட்டு ஓய்ந்தால், அது மலர்வளையத்தைவிட விரைவில் வாடிவிடும். அந்த நாள் தொடக்கமாக இருக்கட்டும்; பணி மற்ற நாள்களுக்கு உரியதாகட்டும்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனின் அருகே மூவர் வந்தனர் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் எல்லாரும் அறிவோம். நின்று உதவியவன் அன்றாட வேலையாய்ப் பயணம் போய்க்கொண்டிருந்தவன்தான். அவனிடமிருந்த எண்ணெயும் திராட்சை மதுவும் வழிப்பயணத்துக்கு எவரும் எடுத்துச் செல்பவையே. தொண்டுக்கென்று அவன் தனியே எதையும் கொண்டுவரவில்லை. நம் வீட்டு அடுக்களையிலும் அவ்வளவு உண்டு.

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, இதுவரை நாம் பேசிப் பழகாத ஓர் அயல்வீட்டின்முன் நின்று கதவைத் தட்டுவோம். பெயர் கேட்டு, நலம் விசாரித்து வருவோம். அலையிலும் அதிர்விலும் மாண்ட ஆயிரமாயிரம் பேரின் பெயரால் அதைச் செய்வோம்.